பழைய காருக்குப் புது மாடல் சென்டர் கன்சோல்: முதல் முறை செய்பவர்களுக்கான செய்முறை

நம் காரின் அடுத்த மாடல் வந்திருக்கும். வெளியே பம்பரும் விளக்கும்தான் மாறியிருக்கும். உள்ளே ஏறி உட்கார்ந்தால் கண் நேராக, இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே உள்ள சென்டர் கன்சோலில் போய் நிற்கும். ஆழமான கப் ஹோல்டர், முழங்கை தானாக வந்து அமரும் ஆர்ம்ரெஸ்ட், போனை வைத்தாலே சார்ஜ் ஏறும் தட்டு. இதை நம் வண்டியில் மாட்ட முடியாதா என்ற ஆசை அப்போதுதான் வரும். பல கார்களில் முடியும். டெஸ்லா மாடல் 3-இல் 2021 மாடலோடு வந்த புதுக் கன்சோலைப் பழைய வண்டிகளில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். பழையதன் பளபளக்கும் கறுப்பு மூடியில் விரல்ரேகையும் கீறலும் விழுந்துகொண்டே இருந்ததுதான் பலருக்குக் காரணம்.

ஒரு நாள் ஒதுக்கினால் இதை நீங்களே செய்யலாம். ஆனால் வேலையில் இறங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கன்சோல் சாமான் வைக்கும் பெட்டி மட்டும் இல்லை. கியர் லீவர், ஹேண்ட்பிரேக் கேபிள், பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கண்ட்ரோல் யூனிட் ஆகியவற்றின் மேல் போட்ட மூடி அது. அடியில் இருப்பவற்றுக்கு ஏற்ற மூடியைத்தான் நாம் தேட வேண்டும். மூடி அழகாக இருக்கிறது என்பதற்காக அடியில் இருப்பவற்றில் கைவைக்கக் கூடாது.

வாங்கும் முன்: பொருந்துமா?

பாதி வேலை இங்கேதான். முதலில், புது மாடல் என்பது ஃபேஸ்லிஃப்டா (அதே தலைமுறை வண்டியை மெருகேற்றியது), அடுத்த தலைமுறையா என்று பாருங்கள். ஃபேஸ்லிஃப்ட் என்றால் தரைத் தகடும் ஸ்க்ரூ ஏறும் இடங்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், வாய்ப்பு அதிகம். தலைமுறையே மாறிவிட்டது என்றால் டேஷ்போர்டின் வளைவு மாறியிருக்கும், கன்சோல் அதோடு சேராது. அதை விட்டுவிடுங்கள்.

ஃபேஸ்லிஃப்ட் என்றாலும் உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மாஸ்டா சிஎக்ஸ்-5-இன் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் கை லீவர் ஹேண்ட்பிரேக்கோடு வந்த வண்டி, 2016 மாடல் ஃபேஸ்லிஃப்டில் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்குக்கு மாறியது. லீவர் இருந்த இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச். அந்தக் கன்சோலை வாங்கினால் உங்கள் லீவர் வெளியே வர வழியே இருக்காது. சுவிட்சை மாட்டினால் மட்டும் பிரேக் வேலை செய்யாது. பின்சக்கர பிரேக்கில் மோட்டார், அதை ஓட்டும் கண்ட்ரோல் யூனிட், வயரிங் எல்லாம் வேண்டும். கியரும் இப்படித்தான். கேபிளில் இயங்கும் லீவர் உள்ள காரில், வட்டத் திருகு போன்ற எலக்ட்ரானிக் கியர் செலக்டருக்கான கன்சோல் உட்காராது.

அப்புறம் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பது. ஹேண்ட்பிரேக்கின் பிளவு ஓட்டுநர் பக்கம் சாய்ந்திருக்கும். வலப்பக்க ஸ்டீயரிங் காருக்கான கன்சோலை இடப்பக்க ஸ்டீயரிங் காரில் வைத்தால், பல மாடல்களில் பிளவு லீவருக்கு நேராக வராது. மேனுவல் கியருக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் மேல்தட்டு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

பின்சீட்டுக்கு ஏசி காற்று வரும் கன்சோல் என்றால் இன்னும் ஒரு சோதனை. காற்றைக் கொண்டுவரும் குழாய் உங்கள் காரில் கன்சோலுக்கு அடியில் ஓடுகிறதா? இல்லை என்றால் அந்த வென்ட் வெறும் அலங்காரமாகத்தான் இருக்கும்.

பாகத்தின் எண் பெரும்பாலும் கன்சோலின் அடிப்பக்கத்தில் ஸ்டிக்கராகவோ பிளாஸ்டிக்கிலேயே அச்சாகவோ இருக்கும். கார் எந்த ஆண்டு, எந்த வேரியன்ட் என்பதையும் சேர்த்துச் சரிபாருங்கள். வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதை வாங்குவதாக இருந்தால் முழுத் தொகுப்பாகக் கேளுங்கள்: மேல்தட்டுகள், பக்கத் தகடுகள், பிராக்கெட்டுகள், உலோகக் கிளிப்புகள், கன்சோலுக்குள் ஓடும் வயரிங். முக்கியமாக, கனெக்டரை வெட்டி எடுத்தவர்களிடம் வாங்காதீர்கள். பின்னால் தனித்தனியாகத் தேடி அலைவதுதான் இந்த வேலையிலேயே பெரிய தலைவலி.

கருவிகள்

10 மி.மீ. சாக்கெட், அதற்கு நீளமான எக்ஸ்டென்ஷன், பிளஸ் வடிவ நட்சத்திரத் திருப்புளி, டார்க்ஸ் 20, டார்க்ஸ் 25 (ஆறு முனைத் திருப்புளிகள்), பிளாஸ்டிக் நெம்பிகள், டார்ச், மல்டிமீட்டர், மாஸ்கிங் டேப், மார்க்கர் பேனா. இரும்புத் திருப்புளியால் நெம்ப வேண்டாம். ஓரத்தில் விழும் பல் தடம் எதைப் போட்டாலும் மறையாது.

பேட்டரியைக் கழற்றும் முன் செய்ய வேண்டியவை

இந்த வரிசையை மாற்றினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வேலையின் நடுவில் ஹேண்ட்பிரேக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும், கியரும் நியூட்ரலில் இருக்கும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கட்டைகள் மட்டும்தான்.

ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பேட்டரி கழன்ற பிறகு பல கார்களில் லீவர் பார்க்கிங்கிலிருந்து அசையாது. பழைய மியூசிக் சிஸ்டம், பேட்டரியை மறுபடி மாட்டியதும் ரகசிய எண் கேட்கும் வகை என்றால் அந்த எண் கையில் இருக்கட்டும்.

மின்சார சீட் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. கன்சோலின் பின்புற ஸ்க்ரூக்களுக்கு சீட் முழுக்க முன்னால் இருக்க வேண்டும், முன்புற ஸ்க்ரூக்களுக்கு முழுக்கப் பின்னால். அதனால் சீட்டை முன்னால் தள்ளிப் பின்புற ஸ்க்ரூக்களை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, சீட்டைப் பின்னால் கொண்டுபோய் விட்டு, அதன் பிறகு பேட்டரிக்குப் போங்கள்.

சரி, இப்போது இக்னிஷனை அணைத்து, சாவி வெளியே வந்தால் எடுத்து (பல ஆட்டோமேட்டிக் கார்களில் லீவர் பார்க்கிங்கில் இல்லாவிட்டால் வராது), பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, மறுபடி தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். பேட்டரி டிக்கிக்குள் இருக்கும் கார் என்றால் டிக்கிக் கதவு திறந்தே இருக்கட்டும். குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். விபத்தில் பேட்டரியே அறுந்துபோனாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, அதன் யூனிட்டுக்குள் கெபாசிட்டர்கள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அது வடிய விட வேண்டும்.

மஞ்சள் நிறக் கனெக்டர் எதைக் கண்டாலும் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அதைக் கழற்றத் தேவை இருக்காது. ஹைப்ரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற கேபிள் பக்கமே கை போகக் கூடாது.

பழைய கன்சோலைக் கழற்றுதல்

கியர் நாபில் தொடங்குங்கள். பல மேனுவல் கார்களில் இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். ரிவர்ஸ் போட வளையத்தைத் தூக்கும் வகை என்றால் சும்மா திருகாதீர்கள், அதன் கீழே பிடிப்பு வேறு மாதிரி இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் நாபின் அடியில் ஒரு கிளிப்போ சின்ன ஸ்க்ரூவோ பிடித்திருக்கலாம். கியரைச் சுற்றியுள்ள தோல் உறை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் மாட்டியிருக்கும். சட்டத்தின் ஓரத்தை விரலால் உள்பக்கம் அழுத்தினால் மேலே எழும்.

அடுத்து மேல்தட்டு. நெம்பியை ஒரு மூலையில் நுழைத்து லேசாகத் தூக்கினால் முதல் கிளிப் டக்கென்று விடும். அந்த இடத்திலேயே இன்னும் தூக்காமல் அடுத்த கிளிப்புக்கு நகருங்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துக் கிடந்தால் ஹேர் டிரையரால் ஓரத்தைக் கொஞ்சம் சூடாக்குங்கள், கிளிப்பின் காது உடையாது. தட்டைத் தூக்கியதும் பிடுங்கி எடுக்காதீர்கள், அடியில் 12 வோல்ட் சாக்கெட், யூஎஸ்பி, சுவிட்சுகளின் வயர்கள் தொங்கும். கனெக்டரின் பூட்டுநாக்கை அழுத்திக்கொண்டு கனெக்டரைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எது எங்கே என்று எழுதுங்கள், ஒரு போட்டோவும் எடுங்கள்.

பிறகு ஸ்க்ரூக்கள். கால் வைக்கும் இடத்தின் இரு பக்கமும், கியருக்கு முன்னால் தட்டு எடுத்த குழியிலும், பின்பக்க மூடிக்குள்ளும், ஆர்ம்ரெஸ்ட் பெட்டியின் அடியிலும் இருக்கும். கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். முதல் முறை நான் கழற்றியபோது எல்லா ஸ்க்ரூவும் எடுத்தாயிற்று என்று நினைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினேன். ஒரு விரல்கடை எழும்பி நின்றது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு வெள்ளைக் கோடு மெல்லப் படர்ந்ததைப் பார்த்தபோதே கையை எடுத்திருக்க வேண்டும். எடுப்பதற்குள் மூலை கிழிந்துவிட்டது. பெட்டியின் அடியில் விரித்திருந்த ரப்பர் பாயை எடுத்துப் பார்த்தால் கீழே இரண்டு 10 மி.மீ. போல்ட்டுகள். பிளாஸ்டிக் வெளுக்கிறது என்றால் எங்கோ ஒரு பிடிப்பு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு டார்ச்சை எடுங்கள்.

எல்லாம் கழன்றதும் ஹேண்ட்பிரேக்கை முழுக்க மேலே தூக்கி, கன்சோலின் பின்பக்கத்தை உயர்த்திப் பின்னோக்கி இழுத்தால் வெளியே வந்துவிடும். ஹேண்ட்பிரேக் லீவரின் அடியில் கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் நட்டு தெரியும் கார்கள் உண்டு. அதைத் தொடாதீர்கள். நடுவே தரைத் தகட்டில் போல்ட்டு போட்டு இறுக்கிய சின்ன உலோகப் பெட்டிதான் ஏர்பேக் யூனிட். அதன் மேல் கருவி விழக் கூடாது, தட்டக் கூடாது. நான் ஒரு தடிமனான துண்டை மடித்து அதன் மேல் போட்டுவிடுவேன்.

புதியதைத் தயார் செய்தல்

இரண்டு கன்சோல்களையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஓட்டைக்கு ஓட்டை ஒப்பிடுங்கள். பழையதில் பிராக்கெட், ஸ்க்ரூ ஏறும் உலோகக் கிளிப், சத்தம் வராமல் இருக்க ஒட்டிய ஃபெல்ட் துண்டுகள் இருக்கும். புதியதில் இல்லாதவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு வயர் எதையும் மாட்டாமல் புதியதை வண்டியில் வெறுமனே வைத்துப் பாருங்கள். எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள் (ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங்கை மட்டும் விட்டுவிடுங்கள், போனால் லீவர் அங்கேயே பூட்டிக்கொள்ளலாம்), ஹேண்ட்பிரேக்கை முழு அளவுக்கு ஏற்றி இறக்குங்கள். எங்காவது உரசினால் இப்போதே தெரிந்துவிடும்.

வயரிங்

கனெக்டர் அப்படியே பொருந்தினால் நல்லது. ஆனால் பொருந்துவதாலேயே உள்ளே பின்களின் வரிசையும் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள், இரண்டு வண்டிகளின் வயரிங் படத்தையும் ஒப்பிடுங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்பினால் ஃபியூஸ் போகும்.

12 வோல்ட் சாக்கெட் எளிது. நடுமுனை பிளஸ், சுற்றுச்சுவர் மைனஸ். எந்த வயரில் மின்சாரம் வருகிறது என்று பார்க்க பேட்டரியை மாட்ட வேண்டும். மாட்டும் முன் மஞ்சள் கனெக்டர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று கழன்றிருந்தாலும் இக்னிஷனைப் போடாதீர்கள், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து அப்படியே நின்றுவிடும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலும், சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்னிலும் வைத்து, இக்னிஷன் அணைந்திருக்கும்போதும் போட்டபோதும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, மறுபடி 10 நிமிடம் காத்திருந்து, வேலையைத் தொடருங்கள்.

யூஎஸ்பி இரண்டு வகை. சார்ஜ் மட்டும் செய்வதற்கு 12 வோல்ட்டும் எர்த்தும் போதும். மியூசிக் சிஸ்டத்தோடு பேசும் யூஎஸ்பிக்குத் தனி டேட்டா கேபிள் உண்டு. கனெக்டர் வேறாக இருந்தால், உங்கள் பழைய யூஎஸ்பி போர்ட்டையே புதுக் கன்சோலில் மாற்றிப் பொருத்த முடியுமா என்று பாருங்கள்.

வயர்லெஸ் சார்ஜர் உங்கள் காருக்கே புதிது என்றால் மின்சாரத்தை ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகித் தனி லைன் எடுக்கும் சின்ன அடாப்டர்) வழியாக எடுங்கள். போனுக்கு 15 வாட் தரும் சார்ஜர், விரயத்தையும் சேர்த்து 12 வோல்ட்டில் 2 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் லைனில் கொடுத்தால் இரவில் பேட்டரி இறங்காது. ஏர்பேக், பிரேக் சம்பந்தப்பட்ட ஃபியூஸிலிருந்து எடுக்கவே கூடாது. கம்பெனி சார்ஜர்களில் சில, காரின் கண்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் நெட்வொர்க்கிலிருந்து சிக்னல் வந்தால்தான் விழிக்கும். அந்த வகை என்றால் வெளிச்சந்தையில் கிடைக்கும் தனி சார்ஜரை அதே தட்டின் அடியில் பொருத்துவதே சுலபம்.

உங்கள் காரில் இல்லாத வசதிகளின் சுவிட்சுகளுக்கு வயர் தேடிப் போகாதீர்கள். வெற்று மூடி போட்டு அடைத்துவிடுங்கள், பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

மாட்டுதல்

முதலில் எல்லா வயர்களையும் அதனதன் ஓட்டை வழியாக மேலே இழுத்து டேப்பால் ஒட்டி வைத்துக்கொண்டு, பிறகுதான் கன்சோலை இறக்க வேண்டும். கன்சோலின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கிய வயர் அன்றே தொல்லை தராது. சில வாரங்கள் உரசி, தோல் தேய்ந்து, ஒருநாள் ஃபியூஸை எரிக்கும். அதனால் இறக்கியதும் டார்ச் அடித்து விளிம்பு முழுக்க ஒரு சுற்றுப் பாருங்கள்.

எல்லா ஸ்க்ரூவையும் பாதி ஏற்றிவிட்டு, எல்லாம் உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டால் எதிர்மூலை ஓட்டைக்கு நேராக வராது. பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூவுக்குக் கைத்திருப்புளி போதும், மெஷின் வேண்டாம். கனெக்டர்களை மாட்டி, மேல்தட்டைக் கிளிப்புகளின் மேல் உள்ளங்கையால் அழுத்தி உட்கார வைத்து, தோல் உறையையும் நாபையும் போடுங்கள்.

பேட்டரியை மாட்டி இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே வண்டியை வழக்கம்போல ஓட்டுங்கள். கியர் எல்லா நிலைக்கும் தடையில்லாமல் போகிறதா, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகிறதா, ஹேண்ட்பிரேக் முன்பு பிடித்த அதே கிளிக்கில் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டைகளை எடுங்கள். கடிகாரமும், ஒரே அழுத்தில் ஏறும் ஜன்னல்களும் மறுபடி செட் செய்யச் சொல்லும். அது காரின் கையேட்டில் இருக்கும்.

முதல் வாரம் மேடுபள்ளமான சாலையில் காது கொடுத்துக் கேளுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரைக் கன்சோலின் ஒவ்வொரு இடமாக அழுத்தச் சொல்லுங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அந்த இணைப்பில் ஃபெல்ட் டேப் ஒட்டினால் போதும். பழைய கன்சோலைத் துடைத்து, ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு அதிலேயே கட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் பழையதைக் கேட்கலாம்.