பழைய தமிழ்ச் சான்றிதழை வெளிநாட்டுக்கு மொழிபெயர்க்கும் முன்

பிறப்பு, திருமணச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் விசாவுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்பார்கள். ஆனால் 'சான்றளித்த மொழிபெயர்ப்பு' என்பது எல்லா நாட்டிலும் ஒன்றல்ல.

அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, சரியானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி முத்திரையை விதி கேட்பதில்லை. பிரிட்டன் விசாவுக்கு மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரமும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே செய்வதென்றால் நாட்டி (NAATI) என்ற, மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அந்நாட்டு அமைப்பின் அங்கீகாரம் பெற்றவரிடம் போக வேண்டும். எனவே முதலில் உங்கள் விண்ணப்பத்துக்கான பட்டியலைப் படியுங்கள், அப்புறம் பணம் கொடுங்கள்.

அதிகம் சிக்கல் தருவது பெயர்தான். சங்கர் என்பதை எஸ் மட்டும் போட்டும் எழுதலாம், எஸ்.எச். போட்டும் எழுதலாம். எனவே மொழிபெயர்ப்பவரிடம் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலையும் சேர்த்தே கொடுங்கள். அப்பா, அம்மா பெயர்களுக்கும் அவர்களுடைய பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலே நல்லது. இனிஷியல் மட்டும் இருந்தால் இனிஷியலாகவே விட வேண்டும். விரித்து எழுதுவது மொழிபெயர்ப்பாளர் வேலை அல்ல.

முத்திரை, ஓரத்தில் கையால் எழுதிய குறிப்பு, பின்பக்கம் எல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். படிக்க முடியாத இடத்தில் 'தெளிவில்லை' என்று போடச் சொல்லுங்கள், ஊகிக்க விடாதீர்கள்.

பல பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது. அதை மொழிபெயர்ப்பில் நுழைக்க முடியாது. பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டு, முடிந்தால் புதுச் சான்றிதழ் வாங்குங்கள். இப்போது தருவதில் பெரும்பாலும் ஆங்கிலமும் இருக்கும், மொழிபெயர்ப்புச் செலவும் மிச்சம்.