பாட்டு இல்லாத இடத்தில் காது வைப்பது: திரைப் பின்னணி இசையைக் கேட்கப் பழகும் முறை

உங்களுக்குப் பிடித்த இசையமைப்பாளர் யார் என்று பாளையங்கோட்டையில் எந்த டீக்கடையில் கேட்டாலும், பதில் சொல்பவர் பெயரைச் சொன்ன கையோடு ஒரு பல்லவியையும் முணுமுணுத்துக் காட்டுவார். பாட்டுக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து பாட்டுகள் உள்ள படத்தில் மொத்தம் 25 நிமிடம்தான் பாட்டு. மீதியுள்ள இரண்டு மணி நேரத்தில் அந்த இசையமைப்பாளர் என்ன செய்தார் என்பதை நாம் கேட்டிருக்கிறோம், ஆனால் கவனித்ததில்லை. திரைத்துறையினர் ரீரெக்கார்டிங் என்றும் இளைஞர்கள் பி.ஜி.எம். என்றும் சொல்லும் அந்த வேலையைக் காதால் பிரித்தறிந்த பிறகு, பிடித்தவர் யார் என்ற கேள்விக்குத் திரும்பி வருவதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் பாதிப் பயிற்சி ஏற்கெனவே ஆகியிருக்கிறது. சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையில் கணியான் கூத்து என்னும் கதைப்பாட்டு ஆட்டத்தை விடிய விடியப் பார்த்தவர்கள் அதை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அண்ணாவி கதை பாடுகிறார். பெண் வேடமிட்ட இருவர் ஆடுகிறார்கள். பின்னால் உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று என மகுடம் என்னும் தோல் கருவிகள் இரண்டு ஒலிக்கின்றன. நடுச்சாமத்தில், சாமியாடும் கோமரத்தாடியின் தோள் இலேசாகத் துடிக்கும்போது, கூட்டத்தில் ஒருவரும் அதைக் கண்டிருக்க மாட்டார்கள், ஆனால் மகுடக்காரர் கண்டிருப்பார். அவர் கை இறுகும், அடிகள் நெருங்கும், அண்ணாவியின் பாட்டில் ஒரு சொல்லும் மாறாதிருக்கும்போதே நமக்கு மயிர் சிலிர்க்கும். எதிரில் இருப்பவரின் உடலைப் பார்த்துக்கொண்டே அடிக்கும் அந்த அடியைத்தான் திரையில் பின்னணி இசை என்கிறோம்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கொடையில் ஆடுபவர் மகுடத்தைக் கேட்டுத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். திரையில் இருப்பவரால் அது முடியாது. படச்சுருள் காலத்தில், எடுத்து வெட்டி ஒட்டி முடித்த படத்தை ரீல் ரீலாக ஓட்டிப் பார்த்த பின்னரே இசை எழுதுவார்கள். 1000 அடி ரீல் ஒன்று ஓடுவதற்கு ஏறத்தாழ 11 நிமிடம் ஆகும். அதற்குள் எந்த இடத்தில் நுழைவது, எந்த இடத்தில் விலகுவது என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கு வெளியே தெரியாமல் வாசித்து முடிக்க வேண்டும்.

பயிற்சிக்கு முதலில், கதை மனப்பாடமாகத் தெரிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத படமென்றால் அடுத்து என்ன நடக்கும் என்பதன் பின்னால் காது ஓடிவிடும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். அதில் செல்லோ, தவிலின் தொப்பிப் பக்கம் போன்ற கனத்த அடி ஓசைகள் காணாமலே போய்விடும். காதில் சரியாகப் பொருந்தும் சாதாரண இயர்போனே போதும். நான் ஒருமுறை நகரத்துக் கடையொன்றில் கடைக்காரர் பேச்சை நம்பி விலை கூடிய ஹெட்போன் வாங்கிவந்தேன். அதில் புல்லாங்குழலுக்கும் சேர்த்து அடியில் யாரோ உரலில் இடிப்பதுபோல் இருந்தது; ஒரு வாரத்தில் அதைத் தம்பியிடம் தள்ளிவிட்டேன். ஒலி பற்றிய இன்னோர் எச்சரிக்கை: பழைய படங்களை ஒலி புதுப்பித்ததாகச் சொல்லி வெளியிடும் பிரதிகள் சிலவற்றில் புது ஓசைகளைச் சேர்த்து விடுகிறார்கள். ஒலி சற்று மங்கலாக இருந்தாலும் பழைய பிரதியே இந்த வேலைக்கு உகந்தது.

இப்போது வசனம் குறைவாக உள்ள ஐந்து நிமிடக் காட்சியொன்றை மூன்று முறை பாருங்கள். முதல்முறை ஒலியை முற்றிலும் அடைத்துவிட்டுப் பார்த்து, நீங்கள் இசையமைப்பாளராக இருந்தால் எந்த இடத்தில் நுழைவீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டாம் முறை திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, காதால் மட்டும் கேளுங்கள். மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இசை எப்போது நுழைந்தது, எந்தக் கருவியோடு நுழைந்தது, எப்போது நின்றது என்ற மூன்றையும் எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு வரி: “கதவு திறந்த பிறகு வரவில்லை; அவள் கை தாழ்ப்பாளில் பட்டபோதே வயலின் வந்துவிட்டது.” நான் முதல்முறை எழுதிவைத்திருந்தது, கதவு திறந்து அவள் முகம் தெரிந்த பிறகு என்று. அந்த இரண்டு வினாடி வித்தியாசத்தை உணர்ந்த அன்று எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. முதல் நாளே எல்லாம் பிடிபட்டுவிடாது. ராகம் எது, தாளம் எது என்ற கவலையும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

அடுத்து, திரும்பத் திரும்ப வரும் மெட்டைத் துரத்திப் பிடிக்கப் பழக வேண்டும். இதற்கு 1987இல் வந்த ‘நாயகன்’ படத்தைவிட நல்ல பாடம் நான் அறிந்து வேறில்லை. தூத்துக்குடியில் தந்தையை இழந்து பம்பாய்க்கு ஓடிய சிறுவனின் கதை அது. ‘தென்பாண்டிச் சீமையிலே’ என்று தொடங்கும், தாலாட்டைப் போன்ற ஒரு மெட்டு அந்தப் படம் நெடுகிலும் வந்துபோகிறது. இளையராஜாவின் குரலில் ஒருமுறை, கமல்ஹாசனின் குரலில் ஒருமுறை, சொல்லே இல்லாமல் கருவிகளில் மற்ற நேரங்களில். அது வரும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் அவன் எதை இழந்தான் என்பதைப் பக்கத்தில் எழுதிவாருங்கள். நோட்டின் பக்கம் நிறையும்போது, அவன் எவ்வளவு பெரிய ஆளான பிறகும் அந்த மெட்டு அவனை ஊரில் நின்ற சிறுவனாகவே பார்த்துக்கொண்டிருப்பது விளங்கும். தென்பாண்டிச் சீமை என்று காதில் விழுந்ததுமே நெஞ்சு நிமிர்வது நம் ஊர்க்காரர்களின் வழக்கம். பயிற்சி நேரத்தில் அதைச் சற்றே ஒதுக்கிவைத்தால் நல்லது.

இதே வேலையை இத்தாலிய இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே வேறு வகையில் செய்தார். 1966இல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தில் மூன்று மனிதர்களுக்கும் ஒரே சிறு மெட்டைக் கொடுத்து, ஒருவனுக்குப் புல்லாங்குழல், ஒருவனுக்கு மண்ணால் செய்த ஒக்கரீனா என்னும் ஊதுகருவி, ஒருவனுக்கு மனிதக் குரல் என்று நிறத்தை மட்டும் மாற்றினார். மூவரும் ஒரே பேராசையால் ஆனவர்கள் என்பதை வசனம் ஏதுமில்லாமல் சொல்லிவிடும் ஏற்பாடு அது. பெர்னார்டு ஹெர்மன் 1960இல் ‘சைக்கோ’ படத்துக்குத் தந்திக் கருவிகளை மட்டுமே வைத்துக்கொண்டு இசையமைத்தார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனத்தை மாற்றிக்கொண்டார்.

இசை இல்லாத இடத்தைக் கேட்பதுதான் இதில் மிகக் கடினமான பாடம். 1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் ஜான் வில்லியம்ஸ் சுறாவுக்கு இரண்டே சுரங்களைக் கொடுத்திருப்பது பலருக்குத் தெரியும். சுறா நெருங்க நெருங்க அந்த இரண்டு சுரங்களும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். ஆனால் அதே படத்தில் இரண்டு சிறுவர்கள் அட்டையால் செய்த சுறாத் துடுப்பை நீரில் மிதக்கவிட்டுக் கூட்டத்தை மிரட்டும் காட்சியில் அந்த இசை வராது. கடற்கரையே அலறினாலும் வில்லியம்ஸ் பொய் சொல்லவில்லை. இசை வராததைக் காதில் வாங்கியிருப்பவருக்கு அது விளையாட்டு என்று முன்பே தெரிந்துவிடும். தமிழில் பாட்டே இல்லாமல் 1954இல் ‘அந்த நாள்’ வந்தது. 2013இல் வந்த ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ படத்திலும் பாட்டு கிடையாது. அதில் இளையராஜாவின் பெயருக்கு மேல் ‘முன்னணி இசை’ என்றே போட்டிருந்தார்கள். பயிற்சி செய்பவர்கள் அந்தப் படத்தில் ஓர் இரவுக் காட்சியை எடுத்துக்கொண்டு, இசை நிற்கும் இடங்களை மட்டும் குறித்துப் பார்க்கலாம்.

கதைக்குள் ஒலிக்கும் இசையையும் கதைக்கு வெளியே ஒலிக்கும் இசையையும் பிரித்தறிவது அடுத்த வேலை. நாகசுர ஊரில் பிறந்த நமக்கு இது எளிது. நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வாசித்தது கதைக்குள் ஒலிக்கும் இசை. கதாபாத்திரங்களும் அதைக் கேட்கிறார்கள். 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு, நாகர்கோவில் பக்கத்தில் பிறந்த கே.வி. மகாதேவன் இசையமைத்தார், திரையில் சிவாஜி கணேசன் பிடித்த நாகசுரத்துக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒவ்வோர் ஒலிக்கும், இது நாயகி மோகனாவின் காதிலும் விழுகிறதா, என் காதில் மட்டும் விழுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல இசையமைப்பாளர் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வாசற்படியில் அடிக்கடி நின்று விளையாடுவார்.

இவ்வளவும் கைவந்த பிறகு ஒப்பிடத் தொடங்கலாம். ஒரே இசையமைப்பாளரை இரண்டு இயக்குநர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய பழக்கம் எது, படத்துக்காக அவர் செய்துகொண்டது எது என்று தெரியும். ஓரிடத்துக்கென்று எழுதிய இசை வேறிடத்தில் பொருந்துமா என்பதும் நல்ல சோதனை. இளையராஜா 1986இல் தனி இசைத்தொகுப்பாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’டிலிருந்து சில பகுதிகளை எடுத்து, பாலு மகேந்திரா தம் ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாக வைத்துக்கொண்டார். அந்த இசை அந்தப் படத்துக்கென்றே பிறந்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. ஏ.ஆர். ரகுமான் 1995இல் ‘பம்பாய்’ படத்துக்கு அமைத்த, புல்லாங்குழலில் தொடங்கும் கருவியிசை, பிற்பாடு வெளிநாட்டுப் படங்களிலும் இடம்பெற்றது. விருதுப் பட்டியலும் ஓரளவுக்கு உதவும். 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தேசிய விருதில் பாடல்களுக்குத் தனியாகவும் பின்னணி இசைக்குத் தனியாகவும் கொடுக்கிறார்கள். பின்னணி இசைக்காக இளையராஜா மலையாளத்தில் ‘பழசிராஜா’வுக்கும் தமிழில் ‘தாரை தப்பட்டை’க்கும் அதைப் பெற்றார். என் தனிப்பட்ட விருப்பத்தைச் சொல்வதானால், கண்ணீர்க் காட்சியில் வயலின்களை ஒரேயடியாகக் கொட்டுபவரைவிட, அழுகிறவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்து அதன்பிறகு ஒற்றைப் புல்லாங்குழலை அனுப்புபவரே எனக்குப் பெரியவர்.

நோட்டில் ஏழெட்டுப் படங்கள் சேர்ந்ததும், அடுத்த கொடைக்கு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். தோலை நெருப்பில் வாட்டி மகுடத்தைச் சுதிக்குக் கொண்டுவரும் நேரத்திலேயே போய்விடுங்கள். சாமியாடுபவரை விட்டுவிட்டு மகுடக்காரரின் கண் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அதே மூன்று கேள்விகளுக்கும் எழுதுங்கள்: எப்போது நுழைந்தார், எந்தக் கையால், எப்போது நிறுத்தினார்.