வண்டியைக் கிளப்பும் முன்: புயலில் வீடிழந்தவர்களுக்கு உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு புயலுக்கும் ஒரு புது வாட்ஸ்அப் குழு பிறக்கிறது. ஃபெஞ்சலுக்குப் பிறகு கடலூரில் பிறந்த குழுக்களை எண்ணி மாளாது. கல்லூரிப் பிள்ளைகள், ரசிகர் மன்றத்துப் பையன்கள், சென்னையில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் என்று எல்லாரும் இறங்கினார்கள். நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் செய்ததில் பாதி, தானே புயலின்போது எங்கள் செட்டு அடித்த அதே கூத்து. பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காலாவதியான பிஸ்கட்டை அனுப்பக் கூடாது, தண்ணீர் ஓடும் ரோட்டில் பைக்கை விடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காற்று நின்றதும் ஆபத்து முடிந்தது என்று நினைப்பது

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்ததில், புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடலூரில் மறுநாள் டீக்கடைப் பேச்சு என்னவென்றால், "இந்த வாட்டி நாம தப்பிச்சோம்." கையில் இருந்த சாமானையெல்லாம் பல குழுக்கள் அன்றைக்கே புதுச்சேரிப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டன. டிசம்பர் 2 விடிவதற்குள் சாத்தனூர் அணையில் இருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறி, தாழங்குடா, குண்டு உப்பலவாடி பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்போது கொடுக்க இவர்களிடம் ஒரு பாய் கூட மிச்சம் இல்லை.

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். மேற்கே எங்கோ பெய்கிற மழையெல்லாம் நம் மாவட்டத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதும் வெள்ளம் வரும். அதனால் சேர்த்த பொருளில் பாதியை முதல் இரண்டு நாட்களில் தொடாதீர்கள். அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, தயங்காமல் கேட்கலாம். சாமான் வைக்கும் இடத்தை ஆற்றங்கரையில் பிடிக்காதீர்கள் என்று சொல்லவே சிரிப்பாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாப் புயலுக்கும் ஒரே மூட்டை

தானே 2011 டிசம்பர் 30-இல் வந்தது. அது காற்றுப் புயல். கூரை பறந்தது, ஓடு நொறுங்கியது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. பல வீடுகளில் அரிசி இருந்தது, அதை நனையாமல் வைக்க மேலே கூரைதான் இல்லை. அந்த ஊர்களுக்கு லாரி லாரியாக அரிசி போனது.

2015 நவம்பர் வேறு கதை. பெரியகாட்டுப்பாளையம், விசூர் பக்கம் ஓடைத் தண்ணீர் திடீரென்று ஊருக்குள் பாய்ந்தது. சுவர் நின்ற வீட்டில் கூடப் பாத்திரம், பாய், அடுப்பு எதுவும் மிஞ்சவில்லை.

காற்று அடித்த ஊருக்குத் தார்ப்பாய், நைலான் கயிறு, ஆணி, மரம் அறுக்கும் மெஷின், டார்ச். தண்ணீர் புகுந்த ஊருக்குப் பாத்திரம், பாய், பக்கெட், மண்வெட்டி, துடைப்பம், பினாயில். தார்ப்பாய் வாங்கினால் கனமான சில்பாலின் ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைவு என்று மெல்லிசாக வாங்கினால் அடுத்த காற்றிலேயே கிழியும். கயிறு இல்லாமல் தார்ப்பாயை மட்டும் கொடுத்தால் அதைத் தரையில் விரித்துப் படுக்கத்தான் முடியும்.

பட்டியல் இல்லாமல் வண்டியைக் கிளப்புவது

இதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஃபெஞ்சல் சமயம் வெளியூர்க் குழு ஒன்று போன் செய்தது. அருமையான கிட்: மூடியுள்ள பக்கெட், அதற்குள் பாய், போர்வை, ரெண்டு பாத்திரம், டார்ச், சோப்பு. யோசித்துச் செய்திருந்தார்கள். "நாளைக்குக் காலையில வாங்க, இன்னிக்கே ரெண்டு பேரை அனுப்பிப் பட்டியல் எடுத்துடறோம்" என்றேன். "அண்ணே, அதுக்கெல்லாம் நேரமில்ல. வண்டி கிளம்பிடுச்சு, ராத்திரிக்குள்ள திரும்பணும்" என்றார்கள். சரி, அவ்வளவுதான்.

இருட்டும் நேரத்தில் மெயின் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்தில் லாரி நின்றது. ஐந்து நிமிடத்தில் கூட்டம். முதலில் வரிசை, அப்புறம் தள்ளுமுள்ளு, அப்புறம் இளவட்டங்கள் லாரி மேலேயே ஏறிவிட்டார்கள். மேலே இருந்தவர்கள் பயந்துபோய் பக்கெட்டுகளை வீசத் தொடங்கினார்கள். ஒரு பாட்டி கீழே விழுந்து கை முறிந்தது. டிரைவர் மிரண்டு, மிச்சத்தோடு வண்டியை எடுத்துவிட்டார். மறுநாள் அதே ஊரின் பின்பக்கம், வாய்க்காலைத் தாண்டிப் போனோம். இருளர் குடும்பங்கள் வாய்க்கால் கரை மேலேயே படுத்திருந்தன. வீடு என்று இருந்தவை சேறு. "பக்கெட்டு வந்துச்சாமே சார்? லாரி சத்தம் கேட்டுச்சு. நாங்க வரப்பு சுத்தி வர்றதுக்குள்ள கிளம்பிடுச்சு" என்றார் ஒரு பெண். ரோட்டோரம் மாடி வீட்டுத் திண்ணையில் அதே பக்கெட் இரண்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மக்கள் பேராசைக்காரர்கள் என்று அந்தக் குழு ஊர் போய்ச் சேர்ந்து பேசியதாகக் கேள்விப்பட்டேன். அபத்தம். ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவன் முதலில் வருவான், உடம்பில் தெம்பு இருப்பவன் மேலே ஏறுவான். லாரியை அங்கே நிறுத்தியது யார்?

இது நேற்று வந்த கோளாறும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் உதவிகள் பெரும்பாலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் போயின. கட்டுக்கோப்பான அமைப்பு, தன் ஊருக்குள் நியாயமாகவே பிரித்தது. ஆனால் அந்த ஊர்க் கணக்கில் இல்லாதவர்களுக்கு? கிள்ளை, பிச்சாவரம் பக்கம் ஓடைகளில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், கரையில் கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்கள் எனப் பலர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். படகு போனவன் பாதிக்கப்பட்டவன், படகே இல்லாதவன் எதை இழந்தான் என்று கேட்டார்கள்.

ஆகவே முதலில் போக வேண்டியது லாரி இல்லை, நோட்டும் பேனாவுமாக இரண்டு பேர். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தலைவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தலைவர் சொல்லும் பட்டியலில் தலைவரின் தெரு முதலில் வரும், அது மனித இயல்பு. அங்கன்வாடி டீச்சரைப் பாருங்கள், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் எந்த வீட்டில் என்று அவருக்கு மனப்பாடம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் அக்காவுக்கு சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களை, படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தெரியும். தலையாரிக்கு எந்த வீடு விழுந்தது என்று தெரியும். மூன்று பேரையும் கேட்டால் மூன்று பட்டியல் வரும். ஒன்றில் இருந்து இன்னொன்றில் விடுபட்ட பெயர்கள்தான் நீங்கள் தேடி வந்தவர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஊருக்கு வெளியில யாரு இருக்காங்க?" செங்கல் சூளைக் குடும்பங்கள், சிப்காட்டில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளிகள், வாடகைக்கு இருப்பவர்கள், ரேஷன் கார்டு இன்னும் புருஷன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்க அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண்கள். இவர்களை யாரும் தாமாக நினைவுபடுத்த மாட்டார்கள்.

நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி போதும். பெயர், எத்தனை பேர், குழந்தை, முதியவர், மாற்றுத்திறனாளி உண்டா, இப்போது எங்கே படுக்கிறார்கள். காகிதத்தில்தான் எழுத வேண்டும், கரன்ட் இல்லாத ஊரில் போன் எத்தனை மணி நேரம் தாங்கும்? அன்று மாலையே முத்திரை வைத்த டோக்கனை வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் பகலில், கடைசித் தெருவில் தொடங்கி மெயின் ரோட்டை நோக்கி வாருங்கள். வண்டி உள்ளே போகாவிட்டால் சின்ன யானை என்கிற மினி லாரியைப் பிடியுங்கள், அதுவும் போகாவிட்டால் தலையில் சுமக்க ஆள் வையுங்கள். பத்துக்கு ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஒரு வீடு விட்டுப்போகும்.

குடிதண்ணீரும் சோறும் பட்டியலுக்காகக் காத்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பக்கெட்டும் பாயும் ஒரு ராத்திரி காத்திருக்கும்.

பழைய துணி

வேண்டாம். சுனாமி சமயம் ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்து நனைந்து நாறியதை அள்ளிப் போட்டவர்களைக் கேளுங்கள். புது நைட்டி, பாவாடை, லுங்கி, உள்ளாடை, நாப்கின் வாங்கிக் கொடுங்கள்.

போட்டோ

கொடுக்கும்போது எடுக்காதீர்கள்.

பொட்டலச் சாப்பாடு

சென்னையில் விடியற்காலை சூடாகக் கட்டிய சாம்பார் சாதம் இங்கே மதியம் வந்து சேரும்போது நூல் விடும். முகாமில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இருக்கும் இரண்டு கழிப்பறையில் எல்லாருக்கும் திண்டாட்டம். தூரத்தில் இருந்து கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் புளியோதரை, எலுமிச்சை சாதம், அதையும் ஆறவைத்துக் கட்டுங்கள். அதைவிட நல்லது, அரிசி, பருப்பு, எண்ணெய், காஸ் சிலிண்டர் வாங்கி முகாமிலேயே சமைக்கவிடுவது. கல்யாண மண்டபத்து அண்டாக்கள் எப்படியும் சும்மாதான் கிடக்கும். சும்மா உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் பெண்களும் ஆண்களும் சந்தோஷமாக வெங்காயம் உரிப்பார்கள். அரசாங்கச் சாப்பாடு எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் மூன்று குழு பிரியாணி கொண்டுவந்து, ராத்திரி ஒருத்தரும் எட்டிப் பார்க்காத முகாம்களை நிறையவே பார்த்தாயிற்று.

பால் பவுடர்

டப்பாவைப் பொதுவாக விநியோகிக்காதீர்கள். கலக்கத் தண்ணீர் எங்கே? புட்டியை எதில் கொதிக்கவைப்பார்கள்? அசுத்தத் தண்ணீரில் கலந்த பால் கைக்குழந்தையைப் பேதியில் தள்ளும். தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்கு நல்ல சாப்பாடும், மறைவாக உட்கார ஒரு மூலையும் கொடுங்கள். பவுடர் பால் தவிர வழியில்லாத குழந்தை இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது

நீங்கள் டாக்டர் இல்லை. சேற்றுத் தண்ணீரில் நடந்தவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள், அதுதான் உதவி.

பள்ளிக்கூடம் திறந்ததும் கடையைக் கட்டுவது

முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான். மழை விட்டுப் பள்ளி திறக்கும் அன்று சனங்களைக் கிளம்பச் சொல்வார்கள். செய்திக்காரர்களும் அன்றோடு போய்விடுவார்கள், குழுக்களும் அதோடு கலைந்துவிடும். வீட்டுக்குள் முழங்கால் சேறு, கட்டில் ஊறிப்போய், அலமாரிக்குள் பாம்பு. அவர்களுக்கு ஆள் தேவைப்படுவதே அன்றைக்குத்தான்.

பத்துப் பையன்கள் மண்வெட்டியோடு ஒரு தெருவுக்குப் போனால் ஒரு நாளில் தெரு நிமிரும். ஆனால் சேற்றை அள்ளும் முன் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி, சேதம் தெரியும்படி உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்துக் கொடுங்கள். போட்டோ எடுக்காதீர்கள் என்று மேலே சொன்னேனே, இது அவருடைய போட்டோ, வி.ஏ.ஓ. கணக்கெடுக்க வரும்போது காட்டுவதற்கு. சுத்தமாகக் கழுவிவிட்ட வீட்டைப் பார்த்து அவர் என்ன எழுதுவார்? நனைந்த சுவரில் மெயின் சுவிட்சைப் போடும் முன் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூடவே கூட்டிப் போங்கள்.

அடுத்து ஆவணம். ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு பாதித்த பகுதிகளில் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் கொடுத்தது, புதுச்சேரி அரசு 5,000 கொடுத்தது. புதுச்சேரி எல்லையில் இருக்கும் பாகூர்ப் பக்கம் ஒரு வயல் தாண்டினால் தொகை மாறும், அந்தக் கடுப்பு எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. ஆனால் கார்டே இல்லாதவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் என்று எது போயிற்று என்பதை அந்தப் பழைய நோட்டிலேயே வீட்டுக்கு வீடு குறியுங்கள். இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் மனு எழுதித் தருவதற்கு லாரியும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம். ஒரு வாரம் லீவு போட முடிந்த ஒருவர் போதும்.

பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை அரசாங்கம் மறுபடி கொடுத்துவிடும். கோடு போட்ட நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், ஷூ, அந்தந்தப் பள்ளிக்கு ஏற்ற சீருடை இதெல்லாம் தாமதமாகும், அல்லது வரவே வராது. புயல் வருவதோ அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம். எந்த வகுப்பு, என்ன அளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போய் வாங்குங்கள்.