கிட் இல்லாமல் ஒரு மஸ்டாங்: 1:48 அளவில் பி-51டி

கடையில் பாகங்களாக விற்கும் கிட் வாங்காமல், நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி விமானத்தை நாமே செய்யப்போகிறோம். முதல் முயற்சிக்கு ஸ்பிட்ஃபயர் போர்விமானம் வேண்டாம். அதன் நீள்வட்ட இறக்கையை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கொண்டுவருவதற்குள் பொறுமை போய்விடும். பி-51டி மஸ்டாங்கின் இறக்கை நேர்விளிம்புக்காரன். அளவுகோலும் பிளேடும் போதும்.

வரைபடம் கிடைத்ததும் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். நிஜ விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 11.28 மீட்டர், நீளம் 9.83 மீட்டர். நம் அளவில் 235 மி.மீ., 205 மி.மீ. ஜெராக்ஸ் எடுத்த தாள் ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருக்கும், அதனால் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். இங்கே 1 மி.மீ. பிசகினால் நிஜத்தில் அது ஏறத்தாழ 5 செ.மீ.

உடற்பகுதிக்கு, 1 மி.மீ. ஸ்டைரீன் (வெள்ளைப் பிளாஸ்டிக்) தாளில் பக்கவாட்டு உருவத்தை வெட்டுங்கள். முழுக்க அறுக்க வேண்டியதில்லை. பிளேடால் இரண்டு மூன்று முறை கீறி மடக்கினால் கோட்டிலேயே ஒடியும். வளைவில் அரை மி.மீ. வெளியே விட்டு, அரத்தால் ராவிக் கொண்டுவாருங்கள். இந்த நடுத்தட்டில் காக்பிட் இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதன் விளிம்பு முழுவதும் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். பிறகு இருபுறமும் நெருக்கமான ரேகையுள்ள மென்மரத் துண்டுகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டி, ஓர் இரவு இறுக்கி வையுங்கள். பிளாஸ்டிக் சிமெண்ட் மரத்தைப் பிடிக்காது.

காக்பிட் குழியை, கட்டை சதுரமாக வைஸில் நிற்கும்போதே தோண்டிவிடுவது நல்லது. அதன்பின் செதுக்குங்கள். மரத்தின் நடுவே ஒரு கறுப்பு இழை மூக்கிலிருந்து வால்வரை ஓடும். உப்புத்தாள் பட்டு அந்தக் கறுப்பு மறைந்து வெள்ளை தெரிந்தால் பக்கவாட்டு உருவத்தையே தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கேயே கையை எடுங்கள். குறுக்குவெட்டுக்கு 8 இடங்களில் அரைவட்டம் போன்ற அட்டை அச்சுகள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சை இடது பக்கம் வைத்துப் பார்த்து, திருப்பி வலது பக்கம் வைக்க வேண்டும். பக்கத்துக்கு ஓர் அச்சு என்று தனித்தனியாக வெட்டினால் உடல் கோணிக்கொள்ளும். கடைசியில் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 400 எண் உப்புத்தாள். இதில் சோம்பல்பட்டால் வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் மரரேகை பல்லிளிக்கும்.

இறக்கையிலும் அதே நடுத்தட்டு முறைதான். 1 மி.மீ. தாளில் முழு இறக்கையின் மேல்தோற்றத்தை ஒரே துண்டாக வெட்டி, நடுவில் கீறி, முனை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மி.மீ. உயரும்படி மடக்குங்கள். அதுதான் 5 டிகிரி. மேலும் கீழும் ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டு முதுகெலும்பு) பட்டை ஒட்டி, 0.5 மி.மீ. தாளால் மூட வேண்டும். இரண்டு ஸ்பாரின் மொத்த உயரத்துக்கு, வரைபடத் தடிமனில் 2 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். பலரும் தவறுவது ஸ்பார் நிற்கும் இடத்தில்தான். மஸ்டாங் இறக்கையின் உச்சத் தடிமன் முன்விளிம்புக்கு அருகே இல்லை. உடலோடு சேரும் அடிப்பகுதியில் அகலத்தின் ஏறத்தாழ 40 சதவீதம் தள்ளி வருகிறது. முன்னால் புடைத்துவிட்டால் தூரத்திலிருந்தே வேறு விமானமாகத் தெரியும்.

பின்விளிம்பில் மூன்று தாளும் சேர்ந்தால் 2 மி.மீ.; நிஜத்தில் கிட்டத்தட்ட 10 செ.மீ. கட்டைச் சுவர். ஆகவே மூடும் முன்பே நடுத்தட்டின் ஓரத்தையும் மேல்தாள்களின் உட்புறத்தையும் கத்தி விளிம்பாகத் தேய்த்துவிடுங்கள். சக்கரக் குழிகளையும் கீழ்த்தாளில் இப்போதே வெட்டுங்கள். ஒட்டுத்திரவத்தை ஊற்றாதீர்கள். உள்ளே அடைபட்ட ஆவி தாளை இளக்கி, சில நாள் கழித்துக் குழிவிழ வைக்கும். நடுத்தட்டில் ஆங்காங்கே 2 மி.மீ. துளைகள் போட்டு, உடலோடு சேரும் முனையைத் திறந்தே விட்டால் ஆவிக்கு வழி கிடைக்கும்.

உடலில் பொருத்தும்போது கண்மதிப்பை நம்பாமல், வால்முனையிலிருந்து ஒவ்வொரு இறக்கை முனைக்கும் நூல் பிடியுங்கள். இரண்டும் ஒரே நீளம் வந்த பிறகே எபாக்ஸி. இணைப்பில் பட்டி பார்த்து, ஒருநாள் விட்டுத் தேயுங்கள். பட்டி காயக் காயச் சுருங்கும். அவசரப்பட்டால் பள்ளம் பிறகு எட்டிப்பார்க்கும்.

காக்பிட்டின் குமிழ் மூடிக்கு மர அச்சு செய்து பளபளப்பாக்கி, பெட் பாட்டிலுக்குள் இறுக்கி வைத்து ஹீட் கன் காட்டினால் பாட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பாட்டிலின் கனத்துக்கு அச்சைக் கொஞ்சம் சிறிதாக்குங்கள். உயரத்தில் மட்டும் 5 மி.மீ. கூடுதல் விடுங்கள், கீழே சுருளும் பகுதியை வெட்டியெறிய. கத்தரிக்கோல் விரிசல் விடும். மெல்லிய ரம்பம்தான் சரி.

சக்கரங்கள் 14.3 மி.மீ. விட்டம், புரொப்பெல்லர் 71 மி.மீ. நான்கு இதழ்களையும் தாளில் வரைந்த கூட்டல் குறிமேல் வைத்து ஒட்டினால் கோணம் பிசகாது. சக்கரக் கால்களுக்கு உள்ளே எஃகுக் கம்பி ஓட வேண்டும். வெறும் ஸ்டைரீன் இந்த மரக்கட்டையைத் தாங்காது.

தகடுகள் சேரும் பேனல் கோடுகளில் ஒரு சலுகை உண்டு. நிஜ பி-51டியில் இறக்கையின் முன்பகுதி இணைப்புகளுக்கும் ஆணித்தலைகளுக்கும் தொழிற்சாலையிலேயே பட்டி பார்த்து, தேய்த்து, வெள்ளி நிறம் பூசிவிட்டார்கள். அதனால் இறக்கையில் துப்பாக்கி அறை மூடி, பின்விளிம்பில் அசையும் எய்லரான், ஃபிளாப் பலகைகள் ஆகியவற்றின் விளிம்புகளைக் கீறினால் போதும். உடலோ வெறும் உலோகம். எனவே உடலுக்குப் பளபளக்கும் அலுமினியப் பூச்சு அடித்துக் காயவிட்டு, இறக்கை சேரும் இடத்தில் டேப் ஒட்டி மறைத்து, இறக்கைக்கு மங்கலான வெள்ளிப் பெயிண்ட் அடியுங்கள்.