எந்தப் பங்கு நீங்க?

வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் மாற்றல் வந்து தூத்துக்குடியிலிருந்து சேலம் வந்தோம். முதல் ஞாயிறு ஆட்டோக்காரரிடம் "சர்ச்சுக்குப் போங்கண்ணே" என்றேன். புராட்டஸ்டன்ட்காரர்களின் சி.எஸ்.ஐ. கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர்மேல் தப்பே இல்லை, நான் கேட்டதும் சர்ச், அவர் காட்டியதும் சர்ச். நாங்கள் கத்தோலிக்கர், "ஆர்.சி. கோயில்" என்று கேட்டிருக்க வேண்டும். ஏற்காட்டுக்குப் போனாலும் அப்படியே கேளுங்கள். அங்கே ஹோலி டிரினிட்டி என்று பழைய கோயில் ஒன்று உண்டு, அது சி.எஸ்.ஐ.

அப்புறம் ஒரு வருஷம் நாலு ரோடு பக்கம் இருக்கும் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போய்வந்தேன். பெரிய கோயில், நல்ல கூட்டம். கடைசி ஆசீர் முடிந்த உடனே செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரு முகமும் பழகவில்லை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மாமியார் படுக்கையில் விழுந்தபோதுதான் உறைத்தது. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலுக்குச் சாமியாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கேட்பது? பதறிப்போய் வாசலில் நின்றேன். எதிர்வீட்டு அக்கா என்னவென்று விசாரித்துவிட்டு, "எந்தப் பங்குங்க நீங்க?" என்றார். எந்தக் கோயில் எல்லையைச் சேர்ந்தவர்கள் என்று கேட்கிறார். பதில் இல்லை என்னிடம். அவர் வீட்டு நிலையில், குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கிய ஓலையில் செய்த சிலுவை காய்ந்துபோய்ச் செருகியிருந்தது. ஒரு வருஷமாக அந்த வாசலைப் பார்த்தபடி கோலம் போட்டிருக்கிறேன், கண்ணில் படவில்லை. அவர்தான் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாருக்குப் போன் போட்டார். அரைமணி நேரத்தில் சாமியார் வந்துவிட்டார்.

அதனால் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கோயிலைத் தேடுமுன் உங்கள் தெருவில் குருத்தோலை செருகிய வாசலைத் தேடுங்கள் என்பதுதான். "இந்தத் தெரு எந்தப் பங்கு, எந்த அன்பியம்?" என்று அந்த வீட்டில் கேட்டால் போதும். அன்பியம் என்பது பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு. நமக்குப் பங்கு என்பது எல்லை வைத்துப் பிரித்தது. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பங்கு, அந்தப் பக்கம் வேறு பங்காகக்கூட இருக்கும். மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு நீங்கள் ஓர் எல்லைக்குள் வந்தாலே, திருச்சபைச் சட்டப்படி அந்தப் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தை. பெயர் எழுதிப் பங்கின் குடும்ப அட்டை வாங்குவதெல்லாம் பிறகு.

ஞாயிறு பூசையை எந்தக் கோயிலில் பார்த்தாலும் கடன் தீரும், சனிக்கிழமை சாயங்காலப் பூசையும் கணக்கில் சேரும். ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை இருந்தால் இரண்டு மாதம் சுற்றுங்கள், தப்பில்லை. ஆனால் சொந்தப் பங்குக்கு மட்டும் தொடர்ந்து மூன்று ஞாயிறு, ஒரே நேரத்துப் பூசைக்கு, ஒரே இடத்தில் போய் உட்காருங்கள். விடிகாலைப் பூசைக்கு வருகிற ஆட்கள் வேறு, மறைக்கல்விப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் வேறு. மாற்றி மாற்றிப் போனால் மூன்று தடவையும் நீங்கள் புது ஆள்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் வழக்கம் உண்டா, செருப்பை எங்கே விடுகிறார்கள் என்பதை வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். பாட்டு ராகம் ஊருக்கு ஊர் மாறும். நான் முதல் மாதம் வாயை மட்டும் அசைத்தேன்.

அறிவிப்பு வாசிக்கும்போது எழுந்து போகாதீர்கள். அடுத்த வாரம் எந்த அன்பியம் வழிபாட்டை நடத்துகிறது, ஜெபக்கூட்டம் யார் வீட்டில், எல்லாம் அதில்தான் வரும்.

சாமியாரைப் பார்க்க ஞாயிறு காலை வேண்டாம், அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வார நாளில் பூசை முடிந்ததும் "தோத்திரம் சாமி" என்று போய் நில்லுங்கள். பழைய பங்கிலிருந்து ஒரு கடிதம், ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று, இவற்றின் நகல் கையில் இருக்கட்டும். பழைய பங்கில் சந்தா பாக்கி இருந்தால் கட்டிவிட்டே வாருங்கள், கடிதம் கேட்கும்போது அது வந்து நிற்கும். ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் முகவரியையும் எழுதி வையுங்கள். உறுதிப்பூசுதல், திருமணம் எல்லாம் அந்தக் கோயில் பதிவேட்டில்தான் குறிக்கப்படும், ஆகவே பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் அங்கிருந்துதான் புதுச் சான்று எடுக்க வேண்டும். பூர்வீகம் தர்மபுரிப் பக்கம் என்றால் இன்னொன்று: மறைமாவட்டம் என்பது ஓர் ஆயரின் கீழ் இருக்கும் பங்குகள் எல்லாம் சேர்ந்தது; 1930-இல் தொடங்கிய சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997-இல் தர்மபுரி தனியாகப் பிரிந்துவிட்டது. மேலிடத்துக் காகிதம் ஏதும் வேண்டுமானால் தர்மபுரி ஆயர் இல்லத்தைத்தான் கேட்க வேண்டும். நாமக்கல் சேலத்தோடுதான் இருக்கிறது.

ஏற்காட்டில் பிள்ளையை விடுதியில் விட்டிருப்பவர்கள் அங்கே பூசை பார்ப்பதாக இருந்தால் பூசை நேரத்துக்கு முன் பஸ் நேரத்தைக் கேளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, வெறும் வயிற்றோடு ஏறினால் நற்கருணை வாங்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

அன்பியக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள். ஜெபமாலை, பைபிள் வாசகம், நாலு வார்த்தை பேச்சு, டீ, அவ்வளவுதான். நான் முதல் தடவை பழக்கதோஷத்தில் ஒருவரை "அண்ணாச்சி" என்றேன். "நமக்கு மளிகைக் கடை இல்லீங்களே" என்றார், வீடே சிரித்தது. அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில் என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். உங்களுக்கும் அந்த முறை வரும். பாய் எதிர்வீட்டில் இரவல் கிடைக்கும், பால் மட்டும் ஒன்றரை லிட்டராக வாங்குங்கள். நான் ஒரு லிட்டர் வாங்கிவிட்டு, பாதிப் பேருக்குக் கடுங்காப்பி கொடுத்தேன்.