பூனைக்கு மருந்து: வாய்க்குள் போனால் மட்டும் போதாது

பூனைக்கு மாத்திரை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அது வாய்க்குள் போனதும் ‘அப்பாடா’ என்று விட்டுவிடுகிறார்கள். வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் யோசிப்பதில்லை. தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை உணவுக்குழாயிலேயே பல நிமிடங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் அப்படி நின்றால் அந்த இடம் புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு இறுகிக் குழாயே சுருங்கிவிடலாம். பிறகு தின்றதெல்லாம் அப்படியே வெளியே வரும். அதனால் மாத்திரை கொடுத்தவுடன் 5 மி.லி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினோடு சேர்ந்து மருந்தை உடம்பில் முழுசாகச் சேரவிடாது.

தண்ணீரோ சிரப்போ கொடுக்கும்போது தலையை அண்ணாக்கப் பிடித்துத் தொண்டைக்குள் பீய்ச்சாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கோரைப்பல்லுக்குப் பின்னால், பக்கவாட்டில் நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுங்க நேரம் கொடுங்கள். மாத்திரை என்றால் நாக்கின் பின்பகுதி வரை உள்ளே வைக்க வேண்டும், நுனியில் வைத்தால் துப்பிவிடும். விழுங்கிய பூனை பெரும்பாலும் மூக்கை ஒருமுறை நக்கும். நக்காத பூனையைக் கொஞ்சம் கண்காணியுங்கள். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து சோபாவுக்கு அடியில் துப்பிவிட்டுப் போகும் சாமர்த்தியசாலிகள் உண்டு.

மாத்திரையைப் பொடித்து முழுத் தட்டுச் சாப்பாட்டிலும் கலப்பது இன்னொரு வேண்டாத வேலை. கசப்புத் தெரிந்தால் பூனை அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும். நோயில் இருக்கும் பூனை, குறிப்பாகக் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மருத்துவரைக் கேட்காமல் பொடிக்காதீர்கள். கசப்பு நாக்கில் பட்டால் வாயில் நுரை தள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும்.

இதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். பாராசிட்டமால் அப்படியல்ல. காய்ச்சலாக இருக்கிறதே என்று நமக்கான மாத்திரையில் கால் துண்டு உடைத்துக் கொடுத்தாலும் பூனை செத்துப்போகலாம். அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் என்சைம் அதன் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு பழுப்பாக மாறி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திருக்கவும் கூடாது. நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்தும் இதே ரகம்தான்: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்ததைப் பூனை மேல் விட்டால் உடல் நடுங்கி வலிப்பு வரும்.

மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் பூனை வாந்தி எடுத்தால் நீங்களாகவே இன்னொரு மாத்திரை கொடுக்காதீர்கள். எத்தனை நிமிடத்தில் எடுத்தது, மாத்திரை முழுசாக வெளியே வந்ததா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையே ஒத்துவரவில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லலாம். பல மருந்துகள் சிரப்பாகக் கிடைக்கும். சில தொற்றுகளுக்கு, ஒருமுறை போட்டால் 14 நாள் வரை வேலை செய்யும் ஊசியும் இருக்கிறது.