கண்ணாடித் தொட்டியில் கருகிய பனங்கன்றுகள்

காட்பாடி வீட்டில், மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் வளர்த்த அரேகா பனங்கன்றுகளின் இலை நுனிகள் கருகிக்கொண்டே வந்தன. வேலூர் வெயிலோ என்று ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தேன், பயனில்லை. பூஞ்சணக்கொல்லியும் வீண். பல நாள் இப்படியே போயிற்று.

பிறகுதான் மண்மட்டத்தில், கண்ணாடியின் உட்புறம், மெல்லிய வெள்ளைக் கோடு தென்பட்டது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மேலே ஆவி படிந்து வழிந்த இடத்திலோ கறையே இல்லை. ஆழ்குழாய் நீரின் உப்பு! தண்ணீர் மட்டுமே ஆவியாகும். அடியில் துளையில்லாத தொட்டியில் உப்பு வெளியேற வழியே கிடையாது.

வேர்களை மழைநீரில் அலசி, புதிய தென்னை நார்க்கழிவில் நட்டேன். நார்க்கழிவிலும் உப்பிருக்கும்; அதையும் நன்றாகக் கழுவியே போட வேண்டும். இப்போது மழைநீர் மட்டுமே ஊற்றுகிறேன். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. குருத்தைத்தான் கவனிக்க வேண்டும். புதிதாக விரிந்த இலை நுனிவரை பச்சை. அப்பாடா!